எல்லாரும் ஒத்துக்கொள்ளும்வரை

உமோஜா கிராமத்தில் பெர்சிடாவை யாரும் மரியாதையாக டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. 'லாரி டீச்சர்' என்பார்கள். அதையும் அவள் காதுபடவே சொல்வார்கள். அவள் தண்ணீருக்கு வந்து நின்றால், முன்னால் இருப்பவள் குடம் நிறைந்த பிறகும் நகரமாட்டாள். ஆற அமரக் கை கழுவுவாள், கால் கழுவுவாள், குடத்தின் வெளிப்புறத்தைத் தேய்ப்பாள். பெர்சிடா வாயைத் திறக்காமல் நிற்பாள். அவளுக்கும் வாய் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஊரில் அவளுடைய வாய்தான் எல்லா வம்புக்கும் காரணம் என்று அவளுக்கே தெரியும்.

அவளுடைய அப்பா ஒரு சபை உபதேசியார். டொடோமாவுக்குத் தெற்கே வறண்ட சீமையில், கோகோ ஜனங்கள் மாடு மேய்த்துக் கம்பு விதைக்கும் ஊர்களில், பைபிளைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர், ரோட்டோரம் ஒரு சபைக் கோயிலையும் கட்டியவர். மகளை நான்காம் வகுப்புவரை மிஷன் பள்ளியில் படிக்க வைத்தார். சுவாஹிலி மொழியைத் தடங்கலில்லாமல் படிக்கவும் பேசவும் அவளுக்கு வந்தது. சிகங்கா என்ற சிற்றூரில் யோவாஷி என்பவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். யோவாஷி மொரோகோரோப் பக்கம் கற்றாழைத் தோட்டத்துக்கு நார் உரிக்கப் போனான். மார்ச்சளியோடு திரும்பி வந்தான், பிள்ளை குட்டி இல்லாமலே செத்தும் போனான்.

அப்போது அவளைத் தாங்கியது யோவாஷியின் அக்கா எம்பெலெஜே. அதே சிகங்காவில் வாழ்க்கைப்பட்டு, அவளும் புருஷனை இழந்து, ஒரே மகளோடும் ஒரு கொட்டில் மாடுகளோடும் தனியாகக் குடும்பம் நடத்தியவள். உரத்த குரல், பெரிய கைகள். தம்பி செத்த வீட்டில் தம்பி பெண்டாட்டியை அழவிடாமல் இழுத்துக்கொண்டு வந்து களியும் கீரையும் வைத்து, "தின்னுடி. அழுறதுக்கும் தெம்பு வேணும்ல" என்றாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள்.

நாடு சுதந்திரம் வாங்கி, புதுத் தலைவர் வந்திருந்த காலம் அது. முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதால் நாடே அவரை 'வாத்தியார்' என்றுதான் சொல்லும். சந்தைக்கடையில் இருந்த ரேடியோவில் அவர் பேச்சு வரும் நாளில் பெர்சிடா நிலக்கடலை விற்கிற சாக்கில் போய் உட்கார்ந்துகொள்வாள். மெல்லிய குரலில், வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அவர் பேசுவார். திரும்பி வந்ததும் அதையெல்லாம் கோகோ மொழியில் எம்பெலெஜேக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சொல்வாள்.

"படிச்சவன் ஊரை விட்டு ஓடுறதுக்காகப் படிக்கக் கூடாதாம் மதினி. படிப்பும் மண்வெட்டியும் ஒரே கையில இருக்கணுமாம்."

"சரிதான்."

"ரெண்டு கட்சி வச்சு அடிச்சுக்கிறது வெள்ளைக்காரன் பழக்கமாம். நம்ம பெரியவங்க மரத்தடியில உட்கார்ந்து, எல்லாரும் ஒத்துக்கிற வரைக்கும் பேசுவாங்கல்ல, அதுதான் நம்ம ஜனநாயகம்னு சொல்றாரு."

"அதுக்கு ரேடியோ எதுக்கு? எங்க மாமனாரே செஞ்சிருக்காரே."

"வளர்ச்சின்னா ரோடு, கட்டடம் இல்லையாம். மனுஷன் தானா எழுந்து நிக்கிறதுதான் வளர்ச்சி. யாரும் யாரையும் கழுத்தைப் பிடிச்சு வளர்த்துவிட முடியாதுன்னு சொல்லிட்டாரு."

எம்பெலெஜே சிரித்தாள். "உங்க வாத்தியாரு மாடு மேய்ச்சிருப்பாரு போல. மாட்டுக்குக்கூட அப்படித்தான்."

இந்தப் பேச்சைக் கேட்ட கட்சிக்காரர்கள் பெர்சிடாவை முதியோர் கல்வி டீச்சர் ஆக்கினார்கள். அந்தச் சுற்று வட்டாரத்தில் இரண்டு மொழியும் தெரிந்த பெண் அவள் ஒருத்திதான். வெளியூர் அதிகாரி வந்து சுவாஹிலியில் பேசினால் பக்கத்தில் நின்று கோகோவில் சொல்வதும் அவள் வேலை ஆனது. பெருமையாக இருந்தது அவளுக்கு.

எழுபத்து நான்காம் ஆண்டு, அறுவடை முடிந்த கோடையில், சிதறிக் கிடக்கும் ஊர்களையெல்லாம் சேர்த்துப் பெரிய கிராமங்களாக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அங்கே பள்ளிக்கூடம் இருக்கும், மருத்துவமனை இருக்கும், குழாய்த் தண்ணீர் வரும் என்றார்கள். பெர்சிடா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். சிகங்காவில் ஒருவரும் அசைவதாக இல்லை. கம்புக் குதிர்கள் நிறைந்திருந்தன. மாட்டுக் கிடை பக்கத்திலேயே இருந்தது. முன்னோர்களின் புதைகுழிகளும் அங்கேதான் இருந்தன.

"போகலைன்னா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள் எம்பெலெஜே.

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க மதினி. யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு அவரே சொல்லியிருக்காரு. நீங்க வந்தா நல்லது. வரலைன்னா உங்க இஷ்டம்."

"அவர் சொன்னது கிடக்கட்டும். அந்தப் பொட்டியை நான் நம்பல. நீ சொல்லு."

"நான் சொல்றேன். ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

அதை நம்பித்தான் எம்பெலெஜே குதிரில் இருந்த கம்பைக் காலி பண்ணவில்லை, மாட்டையும் தூரத்து உறவுக்காரர்களிடம் ஓட்டிவிடவில்லை. ஓட்டிவிட்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் பெர்சிடாவின் பேச்சைக் கேட்காதவர்கள்.

லாரிகள் விடிந்ததும் வந்தன. கட்சிக் காவல்படை ஆட்கள் இறங்கி ஒவ்வொரு வீட்டிலும் கூரைக் கட்டைகளைப் பிடுங்கினார்கள். கோகோ வீடுகளின் கூரை தட்டையான மண்கூரை. தாங்கும் கட்டைகளை உருவிவிட்டால் மொத்தமும் உள்ளே விழுந்துவிடும். விழுந்த கட்டைகளைக் குவித்துத் தீ வைத்தார்கள், யாரும் திரும்பி வரக் கூடாது என்று. படைக்குத் தலைமை தாங்கி வந்தவனுக்கு கோகோ மொழி தெரியாது. பெர்சிடாவைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "சொல்லு இவங்களுக்கு. கையில தூக்க முடிஞ்சதை எடுத்துக்கிட்டு ஏறச் சொல்லு" என்றான்.

அவள் சொன்னாள். வேறு என்ன செய்வதென்று அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. அடி விழாமல் இருந்தால் போதும் என்றுதான் தோன்றியது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "ஏறுங்க, பாயை எடுத்துக்கோங்க, குதிர்ல இருக்கிற கம்பை விட்ருங்க" என்று அவள் குரல்தான் கேட்டது. அவள் வீட்டுக் கூரையும் அன்று விழுந்தது. ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை.

எம்பெலெஜேயின் குதிர் சரிந்து கம்பு மண்ணில் கொட்டியது. கோழிகள் ஓடிவந்து கொத்தின. லாரிமேல் மகள் நியெண்டோவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எம்பெலெஜே, கீழே நின்ற பெர்சிடாவைப் பார்த்தாள். கத்தவில்லை.

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க, இல்லையா?"

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

உமோஜா என்றால் ஒற்றுமை. பேர் வைத்தவன் தூரத்தில் இருந்திருக்க வேண்டும். ரோட்டோரம் கோடு போட்ட மாதிரி வீடுகள். எவன் பக்கத்து வீட்டுக்காரன் என்று எவனுக்கும் தெரியாது. வயல் ஒரு மூலையில், மாட்டுக்குப் புல் இன்னொரு மூலையில். குழாய் வந்தது, தண்ணீர் வரவில்லை. அந்த வருஷம் மழையும் ஏமாற்றியது. சிகங்காவில் மண்ணில் கொட்டிய கம்பை நினைத்து நினைத்துப் பெண்கள் வயிறு எரிந்தார்கள். அரசாங்கம் மஞ்சள் மக்காச்சோள மாவு அனுப்பியது. அந்த மாவில் களி கிண்டினால் மாட்டுச் சாணி வாசம் வருகிறது என்று சொல்லிக்கொண்டே தின்றார்கள்.

மாவைப் பங்கிடும் பொறுப்பு கிராமத் தலைவர் செஃபானியாவிடம் இருந்தது. டவுனில் ஒரு கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தவன். கட்சிதான் அவனைத் தலைவர் என்று கொண்டுவந்து இறக்கியது. பை வைத்த சட்டை, எப்போதும் இஸ்திரி கலையாது. முதியோர் வகுப்புக்கு வராதவர்களுக்கு மாவு கிடையாது என்று அறிவித்தான். அவன் வட்டாரத்தில் படிப்பறிவு பெற்றவர்கள் அதிகம் என்று மேலே காட்ட வேண்டியிருந்தது.

அப்படித்தான் எம்பெலெஜே மறுபடி பெர்சிடாவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். முன்னால் என்று சொல்ல முடியாது. ஆனைப்புளிய மரத்தடியில் கரும்பலகையை மாட்டி பெர்சிடா பாடம் எடுக்க, எம்பெலெஜே முக்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பெண்கள் அப்படியே திருப்பிப் போட்டார்கள்.

"மதினி, இந்தப் பக்கம் பாருங்க" என்றாள் பெர்சிடா.

எம்பெலெஜே பக்கத்திலிருந்த பெண்ணிடம், "காது ரெண்டு பக்கமும்தான் இருக்குன்னு அந்த லாரி டீச்சர்கிட்ட சொல்லு" என்றாள்.

மரத்தடி முழுக்கச் சிரித்தது. பெர்சிடா சுண்ணாம்புக்கட்டியை எடுத்து எழுத்தைப் பெரிதாக எழுதினாள். கோபத்தில் கட்டி உடைந்தது.

சில வாரங்கள் கழித்து ஒருநாள் எம்பெலெஜே முக்காலியைச் சுழற்றிப் போட்டாள். எல்லாரும் பார்த்தார்கள். அன்றுதான் அவள் நேரடியாகப் பேசினாள்.

"ஏடி, உன் மூஞ்சியைப் பார்க்க ஆசைப்பட்டுத் திரும்பலை. அந்த ரேடியோ ஆளு என்ன சொன்னான்னு இத்தனை வருஷம் உன் வாயால கேட்டேன். இருந்த வீடும் போச்சு, தானியமும் போச்சு. இனிமே என் கண்ணால படிச்சுக்கிறேன். சொல்லித் தா. அது உன் வேலை."

வெறுப்பில் படித்தவர்களைப் போல வேகமாகப் படித்தவர்களை பெர்சிடா வேறெங்கும் பார்த்ததில்லை. எம்பெலெஜே சாணி தட்டும்போது மண்ணில் விரலால் எழுதிப் பார்ப்பாள். தப்பைத் திருத்தினால் முறைப்பாள். ஒரு வருஷத்தில் பாடப் புத்தகத்தைத் தடவித் தடவி வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

இதற்கிடையில் செஃபானியா ரோட்டோரம் நல்ல மண்ணாகப் பார்த்து ஒரு திராட்சைத் தோட்டம் போட்டிருந்தான். பேருக்கு அது கிராமத் தோட்டம். குலைகள் பழுத்ததும் அவன் மச்சானுடைய வண்டியில் ஏறின. வாரத்தில் பாதி நாள் காலையில் பள்ளிப் பிள்ளைகளை அங்கே களை எடுக்க விட்டான். பிள்ளைகளுக்கு உள்ளங்கை கொப்பளித்தது. எம்பெலெஜேயின் மகள் நியெண்டோ கொப்பளத்தோடு பென்சில் பிடிக்க முடியாமல் பள்ளிக்கூடத்தில் அழுததை, அந்த வழியாகப் போன பெர்சிடாவே பார்த்தாள். அன்று சாயங்காலம் செஃபானியாவின் வீட்டுக்குப் போனாள்.

"தலைவரே, பிள்ளைங்க படிக்க வந்திருக்காங்க. உங்க கொடிக்குப் பந்தல் போட வரலை."

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இறைச்சி வாசம் வந்தது. "என்னம்மா இது, நீயா பேசுற? படிப்பும் மண்வெட்டியும் ஒரே கையில இருக்கணும்னு வாத்தியார் சொன்னாருன்னு வீடு வீடாச் சொன்னவ நீதானே?"

"தன் வயல்ல, தன் ஊர் வயல்லன்னு சொன்னாரு. உங்க மச்சான் வண்டிக்குன்னு சொல்லலை."

"பார்த்துப் பேசு. வாத்தியார் பேச்சுக்கு உன் இஷ்டத்துக்கு அர்த்தம் சொல்றதுக்கு உனக்குச் சம்பளம் இல்லை."

அவள் திரும்பி வந்தாள். தான் இத்தனை வருஷம் வாய் நிறையச் சொல்லிவந்த வார்த்தைகள் அந்த ஆளின் எச்சில் வாயிலிருந்து ஓர் எழுத்துப் பிசகாமல் வந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் கிராம நிர்வாகம் பற்றிய பாடம் வந்தது. எம்பெலெஜே எழுந்து வாசித்தாள். கிராமத் தலைவரை மக்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள், அவர் சரியில்லை என்றால் மக்களே கூடி மாற்றுவார்கள் என்று இருந்தது. அவள் மறுபடி ஒரு தடவை வாசித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இது நிஜமா? இல்லை, அந்த 'ஒண்ணும் பண்ண மாட்டாங்க' மாதிரியா?"

சிகங்காவிலிருந்து வந்த அத்தனை பேரும் பெர்சிடாவின் வாயையே பார்த்தார்கள்.

"எழுதியிருக்கு. நிஜமா இல்லையான்னு கேட்டுப் பார்த்தாத்தான் தெரியும்" என்றாள் பெர்சிடா.

"இப்பதான் முதல் தடவையா நாணயமாப் பேசுற" என்றார் ந்தஹானி. மாடெல்லாம் இழந்த கிழவர், பின்வரிசையில் உட்காருகிறவர்.

கூட்டம் கூட்ட வேண்டும் என்று ஊர் கேட்டது. செஃபானியா தட்டிக் கழித்துப் பார்த்தான். வகுப்பு முழுவதும் அவன் வாசலில் வந்து உட்கார்ந்து அந்தப் பாடத்தைக் கோரஸாக வாசித்தது. ஒருநாள் இல்லை, தினமும். கடைசியில் அவன் கட்சியின் பகுதிச் செயலாளரை வரவழைத்தான்.

செயலாளர் கடற்கரைப் பக்கத்து மனிதர். படித்தவர், நிதானமாகப் பேசுகிறவர். மரத்தடி நிழலில் அவருக்கும் செஃபானியாவுக்கும் மேசை போட்டார்கள். ஜனங்கள் எதிரே வெயிலில் உட்கார்ந்தார்கள். பெர்சிடா வழக்கம்போல மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

ந்தஹானி முதலில் எழுந்தார். "இந்த ஆளு எங்களுக்கு வேணாம். எங்க பிள்ளைங்க கையை உரிச்சுத் திராட்சை விக்கிறான். எங்களுக்கு எம்பெலெஜே தலைவரா இருக்கட்டும்."

பெர்சிடா அதைச் சுவாஹிலியில் சொன்னாள். எதையும் மழுப்பவில்லை. 'கையை உரிச்சு' என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

செயலாளர் புன்னகைத்தார். "நல்லது. மனசுல இருக்கிறதை வெளியில சொல்றதுதான் ஜனநாயகம். ஆனா வேட்பாளரைக் கட்சிதான் சொல்லும். கட்சி செஃபானியாவைச் சொல்லுது. நீங்க ஆமான்னோ இல்லைன்னோ சொல்லலாம்."

"இல்லை!" என்றது கூட்டம். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"ஏன்னு பேசுவோம். நம்ம ஜனநாயகத்துல கைதூக்கி எண்ணிக்கிட்டு எழுந்து போற பழக்கம் கிடையாது. எல்லாரும் ஒத்துக்கிற வரைக்கும் மரத்தடியில உட்கார்ந்து பேசணும். வாத்தியார் சொன்னது. நீங்க ஒத்துக்கிற வரைக்கும் உட்காருங்க. எனக்கு அவசரம் இல்லை." அவர் பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றினார். சுற்றிலும் காவல்படை ஆட்கள் நின்றார்கள்.

உட்கார்ந்தார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. தண்ணீருக்கு எழுந்த ஒரு பெண்ணைத் துப்பாக்கிக் கட்டையால் தடுத்து, "ஒத்துக்கிட்டியா? அப்ப போ" என்றான் ஒருவன். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கைக்குழந்தைகள் அழுது ஓய்ந்தன. ஆனைப்புளிய மரத்தின் நிழல் மெல்ல நகர்ந்து ஜனங்கள் பக்கம் வர, செயலாளர் மேசையை நிழலோடு நகர்த்தச் சொன்னார்.

"எங்க பெரியவங்க மரத்தடியில பேசினப்போ," என்று உட்கார்ந்தபடியே கத்தினாள் எம்பெலெஜே, "நிழல் எல்லாருக்கும் இருந்துச்சு. அதைச் சொல்லுடி அந்த ஆளுகிட்ட!"

பெர்சிடா சொன்னாள். செயலாளரின் முகம் முதல் தடவையாகச் சுருங்கியது. பெர்சிடாவிடம் தாழ்ந்த குரலில், "நீ சம்பளம் வாங்குறவ. வார்த்தையைக் கொஞ்சம் தட்டிச் சமப்படுத்திச் சொல்லத் தெரியாதா?" என்றார்.

"நான் அப்படிச் சொல்லித்தான் இவங்க இங்க வந்து சேர்ந்தாங்க" என்றாள் அவள்.

மாலைச் சரிவில் ஜனங்கள் பேசுவதையே நிறுத்தியிருந்தார்கள். நாக்கு வறண்டிருந்தது. செயலாளர் எழுந்தார். "யாரும் இப்போ எதிர்த்துப் பேசலை. எல்லாரும் ஒருமனதா ஒத்துக்கிட்டீங்க. செஃபானியா தொடர்வார். இதை அவங்க பாஷையில சொல்லு."

பெர்சிடா ஜனங்களைப் பார்த்தாள். கோகோ மொழியில், "நீங்க ஒத்துக்கிட்டதா என்னைச் சொல்லச் சொல்றார். நீங்க ஒத்துக்கலை. நான் சொல்ல மாட்டேன்" என்றாள். அதையே திரும்பிச் சுவாஹிலியில் அவருக்கும் சொன்னாள். பிறகு மேசையை விட்டு நகர்ந்து கூட்டத்தை நோக்கி நடந்தாள். எம்பெலெஜேயின் பக்கத்தில் உட்காரக் குனிந்தாள்.

எம்பெலெஜே காலை நீட்டினாள். "இங்க இடமில்லை."

பெர்சிடா நின்றாள். யாரும் நகர்ந்து இடம் தரவில்லை. திரும்பிப் போகவும் முடியவில்லை. மேசைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வெறும் தரையில், தனியாக உட்கார்ந்தாள். அப்போது ந்தஹானி எழுந்து, துண்டை உதறிவிட்டு வீட்டுக்கு நடந்தார். ஒவ்வொருவராக எல்லாரும் எழுந்து போனார்கள். காவல்படை ஆட்களால் இத்தனை பேரைத் தடுக்க முடியவில்லை. மரத்தடியில் மேசையும், செயலாளரும், செஃபானியாவும், மண்ணில் உட்கார்ந்திருந்த பெர்சிடாவும் மிஞ்சினார்கள்.

அந்த வாரமே பெர்சிடாவையும் எம்பெலெஜேயையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மக்களிடையே பகையை மூட்டினார்களாம். இரண்டு பேரையும் டவுனில் ஒரே அறையில் போட்டார்கள். மழை தொடங்கும்வரை அங்கே இருந்தார்கள். எம்பெலெஜே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாள். பெர்சிடா கதவுப்பக்கம். களித் தட்டு ஒன்றுதான் வரும். எம்பெலெஜே நடுவில் விரலால் கோடு கிழித்து, தன் பாதியைத் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளுவாள்.

ஒருநாள் பகலில் அவளாகவே கேட்டாள். "இதெல்லாம் உங்க வாத்தியாருக்குத் தெரியாதுன்னு இன்னும் சொல்லுவியா?"

"தெரியாதுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"இப்ப?"

"தெரிஞ்சா என்ன, தெரியலைன்னா என்ன. கூரை போனது போனதுதான் மதினி."

"மதினின்னு கூப்பிடாதே." எம்பெலெஜே சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "நீ பொய் சொல்லி ஏமாத்தியிருந்தா நாலு அறை விட்டு மறந்திருப்பேன். நீ நம்பிச் சொன்னே பாரு. உன் கண்ணைப் பார்த்தேன், அதுல பொய்யே இல்லை. அதனாலதான் குதிர்ல இருந்த கம்பைக் காலி பண்ணலை. அதுதான்டி எனக்கு ஆற மாட்டேங்குது."

பெர்சிடாவுக்கும் அதேதான் ஆறாமல் இருந்தது, வேறொருவர் மேல்.

வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. ஒருநாள் கதவைத் திறந்து போகச் சொன்னார்கள். பெர்சிடாவின் டீச்சர் வேலை போயிருந்தது. செஃபானியாவைத் தூக்கி டவுனில் பெரிய பதவியில் வைத்திருந்தார்கள். அவன் போன கையோடு ஊர் ஒன்று செய்தது. ஒரு பிள்ளையையும் தோட்டத்துக்கு விடவில்லை. எம்பெலெஜே தோட்ட வாசலில் தடியோடு நின்றாள். கொடிகள் இரண்டு கோடையில் விறகாயின. புதுத் தலைவன் ஒருவன் வந்தான், அவனும் கட்சி சொன்ன ஆள்தான். ஆனால் கூட்டம் போடவே பயந்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கண்டிப்பு தளர்ந்ததும் ஜனங்கள் சத்தமில்லாமல் பழைய இடங்களுக்குத் திரும்பினார்கள். சிகங்காவில் முதலில் கூரை போட்டவள் எம்பெலெஜே. பெர்சிடா உமோஜாவிலேயே தங்கினாள். சிகங்காவில் அவளுக்கு யார் சுவர் எழுப்பக் கை கொடுப்பார்கள்? ரோட்டோரத்தில் ஒற்றை வீட்டில், சோளம் விதைத்து, இரண்டு ஆடு வளர்த்துக் காலத்தை ஓட்டினாள்.

எண்பத்தைந்தில் வாத்தியார் தாமாகவே பதவியை விட்டு இறங்கினார். சில காரியங்களில் தவறிவிட்டோம் என்று அவரே ஒப்புக்கொண்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். சபைக்கு வந்திருந்த புது உபதேசியார் ஆராதனை முடிந்ததும் மெச்சிக்கொண்டார். "எந்த நாட்டுத் தலைவன் இப்படித் தானா இறங்குவான்? பணம் சேர்த்தாரா? மாளிகை கட்டினாரா? உத்தமர்!"

வெளியே போய்க்கொண்டிருந்த பெர்சிடா திரும்பி வந்தாள்.

"உத்தமர்தான். அதைத்தான் என்னால மன்னிக்க முடியலை. அவர் திருடனா இருந்திருந்தா அவர் பேச்சை நாங்க காதுல போட்டிருக்கவே மாட்டோம். நல்லவரா இருந்தாரு, அழகாப் பேசினாரு. அந்தப் பேச்சைக் கேட்டு நாங்க கதவைத் திறந்து வச்சிருந்தோம். லாரி நேரா உள்ள வந்துச்சு. தப்பு நடந்துபோச்சுன்னு இப்ப சொன்னா? என் மதினியோட குதிர்ல கம்பு ரொம்பிடுமா? மனுஷனை யாரும் கழுத்தைப் பிடிச்சு வளர்த்துவிட முடியாதுன்னு சொன்னவருக்கு, தன் ஆளுங்க கை எங்க கழுத்துல இருக்குன்னு பார்க்க இத்தனை வருஷமா வேணும்?"

உபதேசியார் பைபிளை மூடி வைத்துக்கொண்டு, "அம்மா, இது ஆலயம்" என்றார்.

"தெரியும். எங்கப்பா கட்டினது" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். அதற்குப் பிறகு அந்த உபதேசியார் இருந்தவரை கோயிலுக்குப் போகவில்லை.

அடுத்த வருஷம் சிகங்காவிலிருந்து ஒரு பெண் வந்தாள். வளர்ந்து கல்யாணமாகி, இடுப்பில் பிள்ளையோடு நின்றவளை பெர்சிடா நியெண்டோ என்று அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

"அம்மா இப்ப சிகங்காவுக்குத் தலைவி. நாங்களே கூடிச் சொன்னோம், எந்தக் கட்சியும் சொல்லலை" என்றாள் நியெண்டோ. "ஊர்ல பள்ளிக்கூடம் கிடையாது. அரசாங்கம் வாத்தியார் அனுப்ப மாட்டேங்குது. கேட்டா, உமோஜாவுக்குத் திரும்பிப் போங்கன்னு சொல்றாங்க. அம்மா உங்களை வரச் சொன்னாங்க, பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர."

"அவங்களா?"

நியெண்டோ தயங்கினாள். "சொன்னபடியே சொல்லணும்னாங்க. 'மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டு வர வேணாம். பிள்ளைங்களுக்கு எழுத்து தெரியணும், உனக்குத்தான் சொல்லித் தரத் தெரியும். வா. ஆனா என் வீட்டு வாசல் பக்கம் வராதே.'"

பெர்சிடா ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். ஊரின் இந்தக் கோடியில் அவளுக்கு ஒரு மண்வீடு தயாராக இருந்தது. எம்பெலெஜேயின் வீடு அந்தக் கோடியில். மரத்தடியில் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித் தந்தாள். அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒருவரும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வரக் கூடாது என்பது எம்பெலெஜே போட்ட கட்டளை. பெர்சிடா யாருடைய பேச்சையும் பாடமாக நடத்தக் கூடாது என்பது இன்னொன்று. "அ-வை அ-ன்னு சொல்லிக் குடு. அதுக்குமேல அதுங்க தானாப் படிச்சுக்கும்" என்று ஊர்க்கூட்டத்தில், எல்லாருக்கும் முன்னால் சொன்னாள். பெர்சிடா எதிர்த்து வாதாடினாள். பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கவும் சொல்லித் தர வேண்டும் என்றாள். இரண்டு பேரும் தொண்டை கட்டும்வரை சண்டை போட்டார்கள். ஊர் கம்புக் கள்ளைக் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. முடிவு எதுவும் ஏற்படவில்லை. பெர்சிடா தன் இஷ்டப்படியே நடத்தினாள். எம்பெலெஜே அதைத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாள்.

கண் மங்கி, எழுத்துகள் கலங்கத் தொடங்கியபோது பெர்சிடா பாடம் நடத்துவதை விட்டாள். அதற்குள் அவளிடம் படித்த இரண்டு பேர் வெளியே தேறி, டீச்சர்களாகத் திரும்பி வந்திருந்தார்கள். அவள் நிறுத்திய மறுநாள், எம்பெலெஜே ஒரு கொழுத்த கோழியைக் காலைக் கட்டி நியெண்டோவிடம் கொடுத்தனுப்பினாள். கூட ஒரு வார்த்தைகூடச் சொல்லி அனுப்பவில்லை.

பெர்சிடா அதை வாங்கி, அறுத்து, கீரையோடு சமைத்து, களியும் கிண்டித் தின்றாள். நன்றாக இருந்தது என்று அவளும் சொல்லி அனுப்பவில்லை.